அழிப்பான் மரமும் கித்தா மரமும்: ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் வந்த கதை

மாணவர்களே, உங்கள் பென்சில் பெட்டியில் ஓர் அழிப்பான் இருக்கும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதை ரப்பர் என்பார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் போகும் வழியில் வரிசையாக நிற்கும் மரத்துக்கும் அதே பெயர்தான், ரப்பர் மரம். இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டில் எது மற்றதற்குப் பெயர் கொடுத்தது? மரத்தின் பெயர் அழிப்பானுக்கு வந்ததா, அழிப்பானின் பெயர் மரத்துக்குப் போனதா?

மரம்தான் முதலில் என்று பலரும் சொல்வார்கள். இரும்பிலிருந்து செய்த சட்டியை இரும்புச் சட்டி என்பது போல, ரப்பரிலிருந்து செய்ததால் ரப்பர் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நடந்தது நேர்மாறு. அழிப்பானின் பெயர்தான் அந்தப் பொருளுக்கும், பிறகு மரத்துக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

ரொட்டியால் அழித்த காலம்

ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்த்தல். தேய்க்கும் ஆளையோ கருவியையோ சொல்ல அதனுடன் 'அர்' என்ற ஒலியைச் சேர்ப்பார்கள். ஆக 'ரப்பர்' என்றால் தேய்ப்பது, தேய்ப்பான் என்று பொருள். நம் மரத்தின் பாலை ஆங்கிலேயர் அறிவதற்கு முன்பே, தேய்த்துத் துடைக்கும் துணிக்கும் தூரிகைக்கும் இந்தச் சொல் வழங்கிவந்தது.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பென்சில் கோட்டை எதனால் அழித்தார்கள் தெரியுமா? ரொட்டியின் மெதுவான உட்பகுதியால்! அதை உருட்டித் தேய்த்தால் பென்சில் தூள் ரொட்டியில் ஒட்டிக்கொண்டு வரும்.

1770இல் ஜோசஃப் பிரீஸ்ட்லி படம் வரையும் முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் ஆக்சிஜன் ஆய்வால் புகழ்பெற்ற அதே பிரீஸ்ட்லிதான். அந்த நூலில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. பென்சில் கோட்டைத் துடைப்பதற்கு மிகவும் ஏற்ற ஒரு பொருளைக் கண்டதாகவும், லண்டனில் அளவைக் கருவிகள் செய்யும் நேர்ன் என்பவர் அதை விற்பதாகவும் அவர் எழுதினார். அரை அங்குலக் கட்டி ஒன்றின் விலை 3 ஷில்லிங். அது பல ஆண்டுகள் உழைக்கும் என்றும் குறிப்பிட்டார்.

ரப்பர் என்ற பெயரைச் சூட்டியவர் பிரீஸ்ட்லி என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தக் குறிப்பில் அவர் அதை 'ஒரு பொருள்' என்றுதான் சொல்கிறார். பெயரை ஒருவர் உட்கார்ந்து சூட்டவில்லை. தேய்க்கப் பயன்பட்டதால் மக்கள் வாயில் அது தேய்ப்பான் ஆயிற்று.

ஆங்கிலத்தில் இதற்கு 'இந்தியா ரப்பர்' என்ற பெயரும் நெடுநாள் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு ரப்பர் இந்தியாவிலிருந்து வந்தது என்று நினைக்கக் கூடாது. கொலம்பஸ் காலத்திலிருந்தே ஐரோப்பியர் அமெரிக்க மண்ணையும் 'இண்டீஸ்' என்று அழைத்தார்கள். லண்டன் கடைக்கு வந்த அந்தப் பொருள் தென்னமெரிக்கக் காட்டு மரங்களின் பால். ஆகவே, அந்தப் பெயரின் முதல் பாதி ஒரு பழைய புவியியல் குழப்பம். இரண்டாம் பாதி பென்சில் கோட்டைத் தேய்த்த வேலை. மரத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்று கடையில் விற்கும் வெள்ளை அழிப்பான்களில் பலவற்றில் ரப்பர் பால் ஒரு துளிகூட இல்லை. அவை வினைல் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பெயர் கொடுத்த அழிப்பான் ரப்பரை விட்டுப் போய்விட்டது. பெயரைப் பெற்ற மரம் மட்டும் அதைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

மரத்தின் சொந்தப் பெயர்

அப்படியானால் அந்த மரத்துக்கு அது பிறந்த மண்ணில் பெயர் இல்லையா? இருந்தது. பூமியின் வடிவத்தை அளப்பதற்காக 1735இல் தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் குழுவில் லா கொண்டமைன் என்ற அறிஞர் இருந்தார். பால் வடிக்கும் ஒரு மரத்தை அங்குள்ள பழங்குடி மக்கள் 'ஹெவே' என்று அழைப்பதை அவர் எழுதி வைத்தார். 1775இல் ஓப்லே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்தச் சொல்லிலிருந்து 'ஹெவியா' என்ற பேரினப் பெயரை உருவாக்கினார். நம் தோட்டத்து மரத்தின் அறிவியல் பெயர் 'ஹெவியா பிரசிலியென்சிஸ்'. பிரேசில் நாட்டு ஹெவியா என்று பொருள்.

அறிவியல் பெயர் என்றாலே வாயில் நுழையாத லத்தீன் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இங்கே அந்தப் பெயருக்குள்தான் அந்த மரத்தை முதலில் அறிந்த மக்களின் சொல் உயிரோடு இருக்கிறது.

மரம் கெடாவுக்கு வந்த வழி

1839இல் சார்ல்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டார். இதுவே வல்கனாக்கம். அதன் பிறகு ரப்பரின் தேவை உயர்ந்துகொண்டே போனது.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் முளைத்தன. கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன.

1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொல்வார். அதனால் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். மோட்டார் வண்டியும் அதன் டயரும் வந்ததும் கேலி நின்றது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1909இல்தான், கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், குருண் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யக் கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

துரைமார்கள் அந்த மரத்தை ரப்பர் என்றார்கள். ஆனால் நம் முன்னோர் வாயில் இன்னொரு சொல்லும் ஏறியது. அதுதான் கித்தா. கித்தா மரம், கித்தாத் தோட்டம், கித்தாக் காடு. உங்கள் பாட்டியோ தாத்தாவோ இன்றும் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கித்தா எங்கிருந்து வந்தது?

கித்தா என்பது மலாய்ச் சொல்லான 'கெத்தா'விலிருந்து வந்தது. உங்கள் மலாய்மொழி அறிவியல் பாடநூலில் ரப்பருக்கு என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். அதே 'கெத்தா'தான்.

ஆனால் மலாய்க்காரர்கள் ரப்பர் மரத்துக்காக இந்தச் சொல்லை உருவாக்கவில்லை. மரம் இங்கு வந்தது 1877இல். சொல் அதைவிட மிகப் பழையது. மரம் செடிகளிலிருந்து வடியும் பிசுபிசுப்பான பாலுக்கெல்லாம் மலாயில் 'கெத்தா' என்றே பெயர். பலாப்பழத்தை அரிந்தால் கையில் ஒட்டுமே, அதுவும் கெத்தாதான். பலாப்பழத்தைத் தின்றவன் ஒருவன், பிசின் ஒட்டியது எல்லார் கையிலும் என்று பொருள்படும் மலாய்ப் பழமொழி ஒன்று உண்டு. அதில் பிசினைக் குறிக்க வரும் சொல்லும் 'கெத்தா'தான். புதிய மரம் ஒன்று பால் வடிப்பதைக் கண்டதும் மலாய்க்காரர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லை அதற்குக் கொடுத்தார்கள்.

சரி, 'கெத்தா' எப்படிக் 'கித்தா' ஆயிற்று? யாரோ தப்பாகச் சொன்னதால் வந்ததா? இல்லை. மலாய்ச் சொற்கள் தமிழர் வாயில் எப்படி மாறும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர்ப் பெயர்களை வைத்தே அதைச் சோதிக்கலாம்.

முதல் எழுத்தைப் பாருங்கள். மலாய்ச் சொல்லின் தொடக்கத்தில் உள்ள உயிரொலி அகரமும் இல்லை, எகரமும் இல்லை. வாயை அதிகம் திறக்காமல் சொல்லும் மங்கலான ஒலி. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. அதே மங்கலான ஒலிதான் செரம்பான் நகரின் மலாய்ப் பெயரிலும் சிலாங்கூர் மாநிலத்தின் மலாய்ப் பெயரிலும் முதலில் வருகிறது. நாம் என்ன சொல்கிறோம்? சிரம்பான், சிலாங்கூர். அங்கேயும் இகரம், கித்தாவிலும் இகரம்.

நடுவில் உள்ள எழுத்தைப் பாருங்கள். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் வந்தால் அது மென்மையாக ஒலிக்கும். 'பதம்' என்று சொல்லிப் பாருங்கள். 'பத்தம்' என்று சொல்லுங்கள். இப்போது வன்மையாக ஒலிக்கிறது. மலாய்ச் சொல்லில் உள்ளது வன்மையான தகரம். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் தமிழில் இரட்டிக்க வேண்டும். மலாயில் கல்லுக்கு 'பாத்து'. அதிலிருந்து வந்த பத்துமலையில் நாம் தகரத்தை இரட்டிக்கவில்லையா? கித்தாவிலும் அதேதான்.

கடைசி எழுத்து. மலாய்ச் சொல்லின் இறுதியில் மூச்சுவிடுவது போன்ற ஹகர ஒலி உண்டு. தமிழில் அது மறைந்து, முன்னால் உள்ள உயிர் நீண்டுவிடும். இதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டாம். நம் மாநிலத்தின் பெயரே சான்று. மலாய் எழுத்தில் கடைசியாக ஹகரம் இருக்கிறது. நாம் கெடா என்று முடிக்கிறோம். சபாவும் அப்படியே.

ஆக மூன்று இடங்களிலும் மாற்றம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. கித்தா என்பது நாக்கு தடுமாறியதால் வந்த பிழை இல்லை. தமிழ் தன் ஒலி விதிப்படி ஏற்றுக்கொண்ட சொல். பள்ளியில் 'ரப்பர்' என்பதை 'இரப்பர்' என்று எழுதச் சொல்வதும் இதே வகைதான். ரகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம் சேர்க்கிறோம்.

ஓசை மட்டும் போதாது

ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்வதற்கு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஓசை ஒழுங்காகப் பொருந்துகிறதா? பொருள் பொருந்துகிறதா? ஒரு மொழியிலிருந்து மற்றதற்குச் சொல் வந்து சேர வழி இருந்ததா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் நம்பலாம்.

தமிழில் 'கித்தான்' என்று ஒரு சொல் உண்டு. முரட்டுத் துணியைக் குறிப்பது. கித்தான் பை என்பார்கள். கித்தாவும் கித்தானும் ஓசையில் எவ்வளவு நெருக்கம்! ஆனால் ஒன்று மரப்பால், மற்றது துணி. ஓசை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாடினால் ஏமாந்துபோவோம்.

மூன்றாம் கேள்வியான வழிக்கு அழகான சான்று ஒன்று இருக்கிறது. தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. அங்கே பால் வெட்டும் தமிழர்கள் அதை ரப்பர் என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 'இறப்பர்' என்று எழுதுகிறார்கள். அதே மரம், அதே தமிழ். கித்தா என்ற சொல் அங்கெல்லாம் வழக்கில் இல்லை. மலாய் பேசும் மக்களோடு நாம் சேர்ந்து வாழ்ந்த இந்த மண்ணில்தான் அது இருக்கிறது. சொல் எந்த வழியாக வந்தது என்பதை அது வாழும் இடமே காட்டிவிடுகிறது.

இந்த வழி ஒருவழிப் பாதையும் இல்லை. மலாயில் கடைக்கு வழங்கும் 'கெடாய்' நம் 'கடை'யிலிருந்து போனது. 'காப்பால்' நம் கப்பல். கெடாவைக் கடாரம் என்று தமிழர் அழைத்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் சரக்கோடு சொற்களும் இறங்கி ஏறியிருக்கின்றன.

லண்டனுக்குப் போன கித்தா

இதே மலாய்ச் சொல்லை ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ரப்பருக்காக அல்ல.

மலாயாக் காடுகளில் இன்னொரு வகைப் பால்மரம் வளர்ந்தது. இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பாலை உறையவைத்தால் மரக்கட்டை போலக் கெட்டியாகிவிடும். வெந்நீரில் போட்டால் இளகும். விரும்பிய வடிவில் பிடித்து ஆறவிட்டால் மீண்டும் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்தார்கள். 1843இல் சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரிகள் லண்டனுக்குப் போயின. 'கெத்தா பெர்ச்சா' என்ற மலாய்ப் பெயரை ஆங்கிலேயர் 'கட்டா பெர்ச்சா' என்று எழுதினார்கள். லத்தீனில் 'குட்டா' என்றால் துளி. அந்தச் சொல்லின் சாயலும் எழுத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போது மின்தந்தி பரவிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் கம்பி போட வேண்டுமானால் உப்புநீர் உள்ளே புகாத உறை தேவை. கட்டா பெர்ச்சா அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பியும், 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பியும் இந்தப் பாலைப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தன. 1870களின் தொடக்கத்தில் சென்னையையும் பினாங்கையும் கடலடிக் கம்பி இணைத்தது. நம் முன்னோர் பலர் கடந்துவந்த அதே கடலின் அடியில் செய்திகள் ஓடின.

ஆனால் இந்த மரத்துக்கு ஏற்பட்ட கதி வேறு. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடுகளில் அந்த மரம் அருகிப்போனது. ஹெவியா மரத்தையோ வெட்டாமல், பட்டையை மட்டும் சீவி, பல ஆண்டுகள் பால் எடுக்க முடிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். லண்டன் தந்திப் பொறியாளர் சொன்ன 'கட்டா'வும் கூலிம் தோட்டத்தில் பால் வெட்டியவர் சொன்ன 'கித்தா'வும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள்.

பெயருக்குள் இருந்த வேதியியல்

இரண்டு வேறு மரங்களின் பாலையும் மலாய்க்காரர்கள் ஒரே சொல்லால் அழைத்தார்கள் அல்லவா? வேதியியலாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, இரண்டும் உண்மையிலேயே உறவுக்காரர்கள் என்று தெரிந்தது.

படிவம் 5 வேதியியலில் பல்லுறுப்பி பற்றிப் படிப்பீர்கள். ஐசோப்பிரீன் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல ஆயிரக்கணக்கில் இணைந்தால் பாலி ஐசோப்பிரீன். ரப்பரும் அதுதான், கட்டா பெர்ச்சாவும் அதுதான். வேறுபாடு சங்கிலியின் வளைவில் இருக்கிறது.

ரப்பரில், ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலி ஒரே பக்கமாகத் தொடர்கிறது. இதை 'சிஸ்' அமைப்பு என்பர். அதனால் சங்கிலி கோணல்மாணலாகச் சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். கட்டா பெர்ச்சாவில் சங்கிலி எதிர் எதிர்ப் பக்கமாகத் தொடர்கிறது. இது 'டிரான்ஸ்' அமைப்பு. இந்தச் சங்கிலிகள் ஓரளவு நேராக இருப்பதால், கட்டி வைத்த விறகுபோல நெருக்கமாக அடுங்கிவிடுகின்றன. ஆகவேதான் அது கெட்டி. பல் மருத்துவர்கள் பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்தபின் அதை அடைக்க இன்றும் கட்டா பெர்ச்சாவையே பயன்படுத்துகிறார்கள்.

எந்தப் பெயர் மரத்தைப் பற்றிப் பேசுகிறது?

ரப்பர் என்ற பெயர், மனிதன் அந்தப் பொருளை வைத்து என்ன செய்தான் என்று சொல்கிறது. கித்தா என்ற பெயர், மரத்திலிருந்து என்ன வருகிறது என்று சொல்கிறது. நம் தோட்ட மக்கள் சொல்லும் 'பால்மரம்' என்ற பெயரும் அப்படித்தான். எருக்கம்பால், கள்ளிப்பால், ஆலம்பால் என்று தமிழிலும் இந்த வகைக்குப் பழைய பெயர் இருந்திருக்கிறது.

மரம் ஏன் பால் வடிக்கிறது? நமக்கு டயர் செய்துதருவதற்காக அல்ல. பட்டையை ஒரு பூச்சி கடித்தால் பால் பீறிட்டு வந்து அதன் வாயில் ஒட்டிக்கொள்ளும். காற்றுப் பட்டதும் உறைந்து காயத்தை மூடும். பிசுபிசுப்புதான் மரத்தின் பாதுகாப்பு. 'கெத்தா' என்ற சொல் சுட்டுவதும் அந்தப் பிசுபிசுப்பைத்தான்.

பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன. அவை செங்குத்தாக ஏறாமல் சற்றுச் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் பால் வெட்டுபவர் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் வருமாறு சாய்வாகக் கோடு போடுகிறார். அப்போது அதிகமான குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வடியும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் பட்டைக்கு உள்ளே வளர்ச்சி தரும் மெல்லிய அடுக்கு காயப்பட்டு, மரத்தில் முண்டு விழுந்துவிடும். விடியற்காலையில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியேற்றும். மரத்துக்குள் அழுத்தம் குறையும். பால் வரத்தும் குறையும். பட்டையின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் கையால் உணர்ந்து வெட்டிய நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தாவர உடலியல் அவர்கள் விரல் நுனியில் இருந்தது.

கொச்சை என்று ஒதுக்கலாமா?

வீட்டில் பாட்டி கித்தா என்று சொன்னால், 'அது கொச்சை, ரப்பர் என்று சொல்லுங்கள்' என்று திருத்தும் பிள்ளைகள் உண்டு. தோட்டத்துப் பேச்சு தாழ்ந்தது என்ற எண்ணம் பட்டணத்துக்கு வந்த பலர் மனத்தில் இருக்கிறது. மேலே பார்த்ததை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரே மலாய்ச் சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டபோது அது அகராதியில் ஏறி அறிவியல் சொல் ஆயிற்று. நம் பாட்டி எடுத்துக்கொண்டபோது மட்டும் அது கொச்சை ஆகிவிடுமா?

தேர்வில் ரப்பர் என்றோ இரப்பர் என்றோ எழுதுங்கள், அதில் தவறில்லை. ஆனால் கித்தாவைத் திருத்த வேண்டியதும் இல்லை.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெடாவில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில இடங்களில் தோட்டம் இருந்த நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. நம் குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் குடிபெயர்ந்துவிட்டன. மரம் போனால் அதோடு சேர்ந்த சொற்களும் போகும். பால் பிடிக்கும் மங்கு, வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால், மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பால், ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரை: இவற்றில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? இவை ஒரு தொழில்நுட்பத்தின் சொற்கள். தெரிந்தவர்கள் பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்கள்.

நீங்கள் செய்து பார்க்க

முதலாவது, ஒரு சோதனை. ஒரு தாளில் பென்சிலால் ஒரே அழுத்தத்தில் மூன்று கோடுகள் போடுங்கள். ஒன்றை ரொட்டியின் மெதுவான பகுதியை உருட்டித் தேயுங்கள். இன்னொன்றை நான்கைந்து ரப்பர் வளையங்களைச் சேர்த்துப் பிடித்துத் தேயுங்கள். மூன்றாவதைக் கடையில் வாங்கிய அழிப்பானால் தேயுங்கள். எது நன்றாக அழிக்கிறது, எது தாளைக் கறையாக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் கோடு என்பது தாளின் நார்களில் ஒட்டிய கிராஃபைட் தூள். தாளைவிட அதிகமாகத் தன்னோடு ஒட்டவைக்கும் பொருள்தான் நல்ல அழிப்பான்.

இரண்டாவது, ஒரு சேகரிப்பு. ஒரு நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: சொல், பொருள், சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டுவாக்கில் அங்கே வேலை செய்தார். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, பால் வெட்டப் போன ஒரு நாளை விடியற்காலை முதல் விளக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லைத் திருத்தாமல், அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் ஓசை, பொருள், வழி என்ற மூன்று கேள்விகளால் சோதியுங்கள். சில மலாயிலிருந்து வந்திருக்கும், சில ஆங்கிலத்திலிருந்து, சில தமிழகத்துக் கிராமங்களிலிருந்து.

20 சொற்கள் சேர்ந்ததும் உங்கள் தமிழ் ஆசிரியரிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் காட்டுங்கள். இருவருக்கும் அதில் வேலை இருக்கும்.